நோமோஸ் டாங்கென்டே, ஓரிஸ் பாயிண்டர் டேட்: ஒரே ஒரு கடிகாரம் வாங்குபவர் எதை எடுப்பது?

நொடிமுள் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நல்ல மெக்கானிக்கல் கைக்கடிகாரம் ஒன்றை, ஒன்றே ஒன்றை, வாங்கி அதையே பல ஆண்டுகள் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்து நான்கு ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வந்தேன். பட்டியல் நீண்டு, சுருங்கி, மறுபடியும் நீண்டு, இப்போது இரண்டில் வந்து நிற்கிறது. ஒன்று ஜெர்மனியின் நோமோஸ் டாங்கென்டே, 35 மி.மீ. அளவு, பின்மூடி கண்ணாடியால் ஆனது, உள்ளே ஆல்ஃபா என்னும் சாவி கொடுக்கும் இயந்திரம். மற்றொன்று சுவிட்சர்லாந்தின் ஓரிஸ் பிக் கிரவுன் பாயிண்டர் டேட், 38 மி.மீ. அளவு, உள்ளே கையசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரம், கேலிபர் 403.

பெரிய குழுமங்களின் கீழ் இல்லாத நிறுவனமாக இருக்க வேண்டும் என்பது என்னுடைய ஒரு பிடிவாதம். அதற்குத் தனிக் காரணம் கேட்காதீர்கள். இரண்டையும் கையில் கட்டிப் பார்த்துவிட்டேன். என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. சென்னையில் அலுவலக வேலை. போக வர இருசக்கர வண்டி. ஆண்டில் எட்டு மாதம் வியர்வை. ஓரிஸின் விலை கூடுதல், ஆனால் எட்டாத தூரத்தில் இல்லை. இரண்டையும் சில ஆண்டுகளாவது பயன்படுத்தியவர்கள், அல்லது திறந்து பார்த்தவர்கள், தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாவிப்பிரியர் எழுதியது:

ஆறு ஆண்டுகளாக நான் கட்டுவது நீங்கள் சொல்லும் அதே டாங்கென்டேதான். எனவே என் பேச்சில் பாசம் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

35 மி.மீ. என்று படித்தவுடன் சிறுவர் கடிகாரம் போல இருக்குமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. டாங்கென்டேயின் கொம்புகள், அதாவது வாரைப் பிடிக்கும் முனைகள், நீளமானவை, வளைவில்லாமல் நேராக நீண்டு பின் கோணமாக மடிபவை. அதனால் கையில் அது தன் எண்ணைவிடப் பெரிதாகவே தெரியும். 16 செ.மீ. மணிக்கட்டுக்கு 35தான் பொருத்தம். 38 மி.மீ. டாங்கென்டேயை எடுத்திருந்தால் கொம்புகள் உங்கள் கையின் ஓரத்தைத் தொட்டிருக்கும். உயரம் மொத்தம் 6.6 மி.மீ.; சட்டையின் கைப்பட்டிக்குள் அது நுழைவதை நீங்கள் உணரவே மாட்டீர்கள்.

முகப்பைப் பற்றி ஒரு சொல். வெள்ளி பூசிய அந்த வெண்பரப்பில் 2, 4, 8, 10, 12 ஆகிய எண்களும், இடையிடையே மெல்லிய கோடுகளும், கீழே நொடிமுள்ளுக்கு ஒரு சிறு வட்டமும் தவிர வேறில்லை. 1930களின் ஜெர்மானிய முகப்பு வடிவங்களைப் பார்த்து சுசான் குன்தர் வரைந்தது இது. 1992இல் முதலில் வந்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை. முப்பது ஆண்டுக்கும் மேலாக மாறாத ஒன்று இன்னும் முப்பது ஆண்டில் பழையதாகத் தெரியாது என்பது என் கணிப்பு.

காலையில் காபி ஆறும் நேரத்தில் சாவி கொடுக்கிறேன். முழுச் சாவிக்கு 43 மணி நேரம் ஓடும்.

பாசல்வாசி எழுதியது:

நான் இருப்பது பாசல் நகரத்தில். ஓரிஸ் இருக்கும் ஹோல்ஸ்டைன், இங்கிருந்து லீஸ்டால் போய் வால்டன்பர்க் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் ஏறினால் சில நிறுத்தங்களில் வந்துவிடும் ஊர். பெரிய தொழிற்சாலை நகரம் என்று எண்ணிப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஓடை, தேவாலயம், தொழிற்சாலை, அவ்வளவே. அருகில் உள்ள ஓரிஸ் என்ற வேறோர் ஓடையின் பெயரைத்தான் 1904இல் பால் கட்டினும் ஜார்ஜ் கிறிஸ்டியனும் தங்கள் நிறுவனத்துக்கு வைத்தார்கள்.

இந்த நிறுவனத்தின் மீது எனக்கு மதிப்பு வந்ததற்குக் கடிகாரத்தைவிட ஒரு வழக்கே காரணம். 1934இல் சுவிஸ் அரசு கொண்டுவந்த கடிகாரச் சட்டம், அனுமதியில்லாமல் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறக் கூடாது என்று நிறுவனங்களைக் கட்டிப்போட்டது. உயர்ந்த வகை லீவர் (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விட்டு ஓட்டத்தை அளவிடும் பாகம்) இயக்கத்தை ஓரிஸ் பயன்படுத்த முடியவில்லை. கல்லுக்குப் பதில் உலோக ஊசி கொண்ட மலிவான பின்-லீவர் வகையிலேயே நிற்க வேண்டியிருந்தது. 1956இல் ரொல்ஃப் போர்ட்மன் என்ற இளம் வழக்கறிஞரை அமர்த்தி, பத்து ஆண்டுகள் போராடி, 1966இல் அந்தத் தடையை நீக்க வைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1968இல், அவர்களுடைய கேலிபர் 652 துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்று பெற்றது. பின்னர் பேட்டரியில் ஓடும் கடிகாரங்களால் வந்த குவார்ட்ஸ் நெருக்கடியில் நிறுவனம் மூழ்கவிருந்தபோது, 1982இல் அதே போர்ட்மனும் உல்ரிச் ஹெர்சோக்கும் அஸ்வாக் குழுமத்திடமிருந்து அதை வாங்கித் தனியாக்கினார்கள். அடுத்த ஆண்டு அஸ்வாக் மற்றொரு குழுமத்துடன் இணைந்தது; இன்றைய ஸ்வாட்ச் குழுமம் அந்த இணைப்பின் வழி வந்தது. ஓராண்டு தாமதித்திருந்தால் ஓரிஸும் அந்தப் பட்டியலில் ஒரு பெயராக இருந்திருக்கும். உங்கள் பிடிவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் கிடைப்பது அரிது.

இனி 403. இது 2020இல் வெளிவந்த கேலிபர் 400இன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓட்டும் சுருள்வில் அடங்கிய பீப்பாய்கள் இரண்டு, 120 மணி நேர ஓட்டம். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையில் அப்படியே எடுத்துக் கட்டலாம். செவ்வாய்க்கும் மிச்சம் இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் 10 ஆண்டு உத்தரவாதம். சர்வீஸுக்கு அவர்கள் பரிந்துரைப்பதும் 10 ஆண்டுக்கு ஒருமுறைதான். நாளொன்றுக்கு மூன்று நொடி பிந்துவது முதல் ஐந்து நொடி முந்துவது வரை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட எல்லை. என் 403 எட்டு மாதமாக நாளுக்கு இரண்டு நொடி முந்துகிறது. எனக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டால், பதில் இல்லை.

பற்சக்கரம் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற கருவி மெக்கானிக். கடிகாரம் பழுதுபார்ப்பது இப்போது பொழுதுபோக்கு. கோவையில் வீட்டின் மாடியறையில் ஒரு மேசை, ஒரு லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி), ஓட்டத்தின் துல்லியத்தை அளக்கும் ஒரு டைம்கிராஃபர். இரண்டு வகை இயந்திரங்களையும் அக்குவேறாகப் பிரித்தவன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆல்ஃபாவின் மூதாதையான 7001 என்ற இயந்திரத்தைப் பலமுறை பிரித்துக் கூட்டியிருக்கிறேன்.

நோமோஸ் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் 7001ஐ வாங்கித் திருத்தி வைத்தது. 2005இல் அதே அமைப்பைப் பின்பற்றித் தங்களுடைய ஆல்ஃபாவைக் கொண்டுவந்தார்கள். தடிமன் 2.6 மி.மீ.; 17 கற்கள்; மணிக்கு 21,600 அதிர்வு. சக்கரங்களைத் தாங்கும் தனித்தனிப் பாலங்களுக்குப் பதிலாக, இயந்திரத்தின் முக்கால் பாகத்தை மூடும் ஒரே தகடு. நோமோஸ் இருக்கும் ஜெர்மானிய ஊரான கிளாஸ்ஹுட்டேயில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் அது. சக்கரங்களின் அச்சுகள் அனைத்தையும் ஒரே தகட்டின் துளைகளில் ஒருசேர உட்கார வைக்க வேண்டும் என்பதால் திரும்பப் பூட்டுவது பொறுமையைச் சோதிக்கும், பூட்டிவிட்டால் அசையாது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆல்ஃபாவின் உள்ளமைப்பு எளிமையானது. ஒரு பீப்பாய், வழக்கமான சக்கர வரிசை, லீவரால் பல் பல்லாக விடுவிக்கப்படும் எஸ்கேப் சக்கரம் எஃகால் ஆனது, லீவர் மாணிக்கக் கல் பதித்தது. 7001 தெரிந்த எவரும் அதன் முன் திகைத்து நிற்க மாட்டார். 403இல் எஸ்கேப் சக்கரமும் லீவரும் சிலிக்கானால் ஆனவை. சிலிக்கானுக்குக் காந்தம் ஒட்டாது, எடை குறைவு, உராய்வு குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் அதை வளைக்கவோ, அரத்தால் தேய்த்துத் திருத்தவோ முடியாது. உடைந்தால் மாற்றுவது ஒன்றே வழி, அந்தப் பாகமோ கடைவீதியில் கிடைப்பதில்லை. 10 ஆண்டு வரை உங்களுக்குக் கவலையில்லை, உத்தரவாதம் இருக்கிறது. 11ஆம் ஆண்டில் நீங்கள் அந்த நிறுவனத்தின் கையை எதிர்பார்த்து நிற்பீர்கள். ஒரே கடிகாரத்தை வாழ்நாள் முழுதும் கட்ட விரும்புகிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 10 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது இயந்திரத்தின் எண்ணெய்க்கான கணக்கு. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. சென்னை வெயிலில் அவை தம் போக்கில் காய்ந்து இறுகும். எந்தக் கடிகாரத்தை வாங்கினாலும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். மெக்கானிக் மேசைக்கு வரும் துருவில் பெரும்பகுதி கடலில் குளித்ததால் வருவதில்லை. வியர்வை சாவித்தண்டின் வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே போனதால் வருவது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒப்பீடே சமமானதாக எனக்குப் படவில்லை. ஒரு பக்கம் நோமோஸின் நுழைவாயிலில் நிற்கும் கடிகாரம். மறுபக்கம் ஓரிஸின் மேல்படியில் நிற்கும் கடிகாரம். பாயிண்டர் டேட் கேலிபர் 754 இயந்திரத்துடனும் வருகிறது. அதன் அடித்தளம் செல்லிட்டா எஸ்டபிள்யூ200. உலகம் முழுதும் பழுதுபார்ப்பவர்களுக்குப் பழகிய ஒன்று. ஓட்டம் ஏறக்குறைய 40 மணி நேரம்தான், ஆனால் விலை வெகுவாகக் குறைவு. பற்சக்கரம் ஐயா எழுப்பிய 11ஆம் ஆண்டுக் கேள்வி அங்கே எழவே எழாது. அதே போல, நோமோஸின் பக்கம் 403க்கு உண்மையான இணை வேண்டுமென்றால் டாங்கென்டே நியோமாட்டிக்கை நிறுத்த வேண்டும். அதன் ஆட்டோமேட்டிக் இயந்திரம் 3.2 மி.மீ. தடிமன்தான். விலையும் அப்போது சமமாகிவிடும்.

வரியையும் எண்ணிப் பாருங்கள். இந்தியாவுக்கும் எஃப்டா நாடுகளுக்கும் (சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் வணிகக் கூட்டமைப்பு) இடையிலான வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சுவிஸ் கடிகாரங்களின் சுங்க வரி அதன்படி படிப்படியாகக் குறைகிறது. ஜெர்மனி எஃப்டா நாடு இல்லை. அவசரமில்லாதவருக்கு ஓரிஸ் பக்கம் காத்திருப்பதில் ஆதாயம் உண்டு.

நொடிமுள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சொன்னது நியாயம். ஆனால் 754ஐக் கட்டிப் பார்த்தபோது, அதில் நொடிமுள் நடுவிலிருந்து ஓடுவதும், அதனுடனேயே தேதி முள்ளும் சேர்ந்து நான்கு முள்கள் ஒரே அச்சில் நிற்பதும் எனக்குக் கூட்டமாகத் தெரிந்தது. 403இல் நொடி கீழே சிறு வட்டத்துக்குப் போய்விடுவதால் தேதி முள்ளுக்கு இடம் கிடைக்கிறது. 1938இல் வந்த முதல் பிக் கிரவுனிலிருந்து தொடரும் அந்தத் தேதி முள், ஓரத்தில் 1 முதல் 31 வரை எழுதிய வட்டத்தில் ஊர்ந்து செல்வதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

எனக்கு இப்போது உள்ள கேள்வி காந்தம் பற்றியது. என் மேசையில் ஸ்பீக்கர், டேப்லெட், கைப்பேசி உறை என்று எங்கு பார்த்தாலும் காந்தம். டாங்கென்டே இதைத் தாங்குமா?

சாவிப்பிரியர் எழுதியது:

தாங்காது என்பதை நானே அனுபவித்தேன், சொல்கிறேன். ஒரு நாள் இரவு டேப்லெட்டின் உறைமேல் கழற்றி வைத்தேன். அந்த உறை மூடியவுடன் திரை அணையும் வகை. உள்ளே காந்தம் இருப்பது என் நினைவில் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் கடிகாரம் ஏழு நிமிடம் முந்திப்போயிருந்தது. ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்தது போலாகி, அதனுடன் ஆடும் சக்கரம் வேகமாக ஆடத் தொடங்கும். நான் பதறிப்போய், அது கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டினேன்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் காந்தநீக்கி ஒன்றை வாங்கி, பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாக மேலே தூக்கினேன். பத்து நொடி வேலை. அதன்பின் பழையபடி நாளுக்கு நான்கு நொடிதான். பெரிய நோய் இல்லை, மருந்தும் மலிவு. ஆனால் நோய் வரும் என்பது உண்மை.

பாசல்வாசி எழுதியது:

அதே இரவு, அதே உறைமேல் 403 கிடந்திருந்தால் உங்களுக்குச் சொல்வதற்குக் கதையே இருந்திருக்காது. காந்தத்தைத் தாங்கும் கடிகாரம் என்று சொல்லிக்கொள்ள ஐஎஸ்ஓ 764 தர விதி கேட்பது, ஒரு குறிப்பிட்ட அளவு காந்தப்புலத்துக்குப் பிறகு நாளுக்கு 30 நொடிக்குமேல் தவறக் கூடாது என்பதே. கேலிபர் 400ஐ அதைவிடப் பல மடங்கான 2,250 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) வரை சோதித்து, அதன் பிறகும் பத்து நொடிக்குள்தான் விலகியது என்று காட்டினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பாகங்கள் காந்தம் பிடிக்காத பொருள்களால் ஆனவை.

பற்சக்கரம் ஐயாவுக்கு ஒரு பணிவான பதில். சிலிக்கானைத் திருத்த முடியாது என்பது சரி; திருத்த வேண்டிய தேவை வராமல் செய்வதே அந்த வடிவமைப்பின் நோக்கம் அல்லவா? கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடையான ரோட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாகச் சிறு குண்டுகளின் மேல் சுழலும். தேய்வதும் இரைவதும் அங்கேதான். 400இல் அதை நீக்கி, எண்ணெயிட்ட குழலுக்குள் சுழலும் ஓர் உலோகத் தண்டை வைத்திருக்கிறார்கள். பாகங்கள் குறைவு, தேய்மானமும் குறைவு. எளிமை நோமோஸின் தனிச்சொத்து இல்லை.

பற்சக்கரம் எழுதியது:

ரோட்டரைப் பற்றிச் சொன்னது நல்ல கருத்து, ஒப்புக்கொள்கிறேன்.

"சுதந்திர நிறுவனம்" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இழை தொடங்கியதே அதில்தான். நோமோஸை ரோலண்ட் ஷ்வெர்ட்னர் 1990 ஜனவரியில் தொடங்கினார். பெர்லின் சுவர் விழுந்து இரண்டு மாதம். அதே கிளாஸ்ஹுட்டே ஊரின் மற்ற இரு பெரிய பெயர்களில் கிளாஸ்ஹுட்டே ஒரிஜினல் ஸ்வாட்ச் குழுமத்திடமும், லாங்கே ரிஷ்மோன்ட் குழுமத்திடமும் போய்ச் சேர்ந்தன. நோமோஸ் தனியாக நிற்கிறது. ஊர்ப் பெயரை முகப்பில் எழுத வேண்டுமென்றால் இயந்திர மதிப்பில் பாதியாவது அந்த ஊரில் உருவாகியிருக்க வேண்டும் என்ற வழக்கத்தை 2022இல் ஜெர்மனி சட்டமாகவே ஆக்கியது. இதெல்லாம் பெருமைக்குரியது.

ஆனால் ஆல்ஃபாவுக்குள் ஆடும் ஹேர்ஸ்பிரிங், நிவாராக்ஸ் வகை. அந்த நிவாராக்ஸ் ஸ்வாட்ச் குழுமத்தின் நிறுவனம். இந்தப் பிணைப்பிலிருந்து விடுபடத்தான் நோமோஸ் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து பல ஆண்டு உழைத்து, 2014இல் ஸ்விங் சிஸ்டம் என்ற சொந்த இயக்கப் பகுதியைக் கொண்டுவந்தது. அது நியோமாட்டிக் போன்ற மேல்நிலை இயந்திரங்களில் இருக்கிறது. நீங்கள் கேட்கும் 35 மி.மீ. டாங்கென்டேயில் இல்லை. பிடிவாதக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். என்னைப் போன்றவர்களுக்கு அது நல்ல செய்தி, உதிரி கிடைக்கும்.

போகிற போக்கில்: பின்மூடி வழியே தெரியும் அந்த நீலத் திருகுகளையும், முகப்பின் நீல முள்களையும் சாயம் என்று எண்ணிவிடாதீர்கள். எஃகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, ஏறக்குறைய 290 டிகிரியில் இந்த நீலம். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் சாம்பல் நிறமாகிவிடும். நான் வீட்டில் பித்தளைத் தூளின் மேல் வைத்து முயன்று, ஆறு திருகில் நான்கைச் சாம்பலாக்கியவன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தண்ணீர்த் தடுப்பை யாரும் சொல்லவில்லை. டாங்கென்டே தாங்குவது 3 பார் (நீரழுத்தத்தின் அலகு), ஓரிஸ் 5 பார். இரண்டிலும் நீந்த வேண்டாம். மழையில் வண்டி ஓட்டினால் இரண்டும் பிழைக்கும்.

சாவிப்பிரியர் எழுதியது:

மழையைவிட வார்தான் கவலை. நோமோஸ் தருவது குதிரைத் தோலின் கார்டோவன் வார், சிகாகோவின் ஹோர்வீன் பதனிடுவது. அழகு, ஆனால் சென்னையின் சித்திரை வைகாசியில் அதைக் கட்டினால் ஒரே பருவத்தில் உட்புறம் கறுத்து நாறும். மார்ச் முதல் செப்டம்பர் வரை துணி வாருக்கு மாறிவிடுங்கள். 18 மி.மீ. அளவு, எங்கும் கிடைக்கும்.

நொடிமுள் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

டாங்கென்டேயை வாங்கினேன். எழுத்தில் பார்த்தால் 403 ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் முந்தியது. பாசல்வாசி சொன்ன எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. கடைசியாக ஒருமுறை இரண்டையும் ஒரே நாளில் கட்டிப் பார்த்தேன். ஓரிஸ் கையில் இருக்கும்போது அது இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. என் மெலிந்த மணிக்கட்டில் அதன் உயரம் எனக்கு ஒத்துவரவில்லை. நோமோஸைக் கட்டியதை மறந்துபோய், கடைக்காரர் கேட்ட பிறகே கழற்றிக் கொடுத்தேன். அதோடு, பற்சக்கரம் ஐயா சொன்ன 11ஆம் ஆண்டு என் மனதை விட்டுப் போகவில்லை. காந்தநீக்கியும் சேர்த்தே வாங்கிவிட்டேன். ஸ்பீக்கரை மேசையின் மறுகோடிக்குத் தள்ளியாயிற்று.

சாவி கொடுக்கும்போது கேட்கும் அந்தச் சிறு கடகட ஒலியைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நினைத்தேன். முதல் வாரம் முழுச் சாவி எங்கே முடிகிறது என்று தெரியாமல் பயந்து பாதியிலேயே நிறுத்தினேன். இப்போது விரலுக்குத் தெரிகிறது. கடைசி இரண்டு மூன்று சுற்றில் அது கனத்துப்போய், பிறகு நகர மறுக்கிறது.

ஒரு குறை. போன சனிக்கிழமை முன்பகல் வெளியே கிளம்பும் அவசரத்தில் 11:45க்குச் சாவி கொடுத்தேன். ஞாயிறு முழுதும் மறந்துவிட்டேன். திங்கள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது பார்த்தால் 6:52இல் நின்றிருந்தது.

பாசல்வாசி எழுதியது:

வாழ்த்துகள். என்னுடையது ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சனி 11:45உடன் 43 மணி நேரம் கூட்டினால் திங்கள் 6:45 வருகிறது. நீங்கள் கொடுத்த பணத்துக்கு ஏழு நிமிடம் கூடுதலாகவே ஓடியிருக்கிறது. இதில் குறை எங்கே இருக்கிறது?